சத்தம் போடாத பிள்ளை

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், நம் செட்டில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிறீர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. போன வாரம் எங்கள் தெருவுக்கும் ஒரு அறிவிப்பு வந்தது. கண்மாய்க்குப் போகிறார்களாம், பள்ளிப் பிள்ளைகள் வரலாமாம். என் மகள் தன் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். நானும் நல்லது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். உள்ளங்கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

என் வயதுக்காரர்களான உங்களிடம் சொன்னால் சிரிக்கமாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. கேளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம். எங்கள் வீடு கோவில்பட்டியில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில். அப்பாவுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை; வாரம் ஒருமுறை வருவார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அடுத்த வீட்டில் பெரியம்மா. பெரியம்மா மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பல் விளக்கும்போதுகூடப் பேசுவாள். நான் அதற்கு நேர்மாறு. வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போதுதான், "அட, பிள்ள இங்கனதான் இருக்காளா?" என்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை.

அந்த வருஷம் கார்த்திகை வரை விடாமல் மழை. கரிசல் காடெல்லாம் பருத்தியும் கொத்தமல்லியுமாக நின்றது. கண்மாய்கள் நிரம்பி, மார்கழியில் வற்ற ஆரம்பித்தபோது எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கின. அப்போதுதான் எங்கள் தெருவில் குடியிருந்த பேங்க் மாமா ஒரு சங்கம் ஆரம்பித்தார். இயற்கை, அன்பர், மன்றம் என்று நீளமாக ஒரு பெயர் அதற்கு உண்டு. ஊரில் எல்லாரும் குருவிச் சங்கம் என்றார்கள்.

பேங்க் மாமா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இல்லாத மனிதர், தெருப்பிள்ளைகள் எல்லாரையும் "தாயி", "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். ஞாயிறு தவறாமல் எங்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி எங்கேயாவது கூட்டிப் போவார். கூடவே அவருக்குத் துணையாகக் கம்பவுண்டர் அண்ணாச்சி வருவார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். பையில் எப்போதும் பஞ்சும் டிஞ்சரும் இருக்கும்.

முதல் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பாம்புகளைப் பற்றி. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் காட்டினார்கள். கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை. படம் முடிந்ததும் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார் மாமா. உள்ளே மஞ்சள் தண்ணீரில் ஒரு நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஜாடி ஆட ஆட அதுவும் ஆடியது. மருந்து வாடை தொண்டையைப் பிடித்தது. வரிசையாக வந்து எல்லாரும் ஜாடியைத் தொட வேண்டும்.

"யாருக்காவது பயமா இருக்கா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல மாமா!" என்றோம் எல்லாரும்.

"எனக்கு இருக்கு மாமா" என்றாள் பெரியம்மா மகள். ஹாலே சிரித்தது. மாமாவும் சிரித்தார். "பயந்துக்கிட்டே இருந்தா இயற்கைய எப்படி ரசிக்க முடியும் தாயி? பயத்த மொதல்ல விடணும்" என்றார். பிறகு என் தலையில் கைவைத்து, "இந்தப் பிள்ளையப் பாருங்க, அசையாம நிக்கா" என்றார்.

நான் அசையாமல் நின்றதற்குக் காரணம் எனக்குக் கால் வராததுதான். அது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து ஒரு ஞாயிறு, தூக்கணாங்குருவிக் கூடு பார்க்கக் குளத்தூர் ரோட்டில் ஒரு தோட்டத்துக்குப் போனோம். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கிணறு, தரைமட்டத்தோடு வெட்டியது. சுற்றுச்சுவர் கிடையாது. கிணற்றின் மேல் சாய்ந்த இலந்தை மரத்தில் கூடுகள் தொங்கின. நல்லாத் தெரியணும் என்று எங்களை விளிம்பில் வரிசையாக நிற்க வைத்தார்கள். எல்லாரும் அண்ணாந்து கூட்டைப் பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். ரொம்ப ஆழத்தில் கரும்பச்சையாகத் தண்ணீர். அதில் வானமும் என் தலையும் தெரிந்தன. என் காலடியிலிருந்து ஒரு சிறு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. அது தண்ணீரைத் தொடுவதற்கு வெகுநேரம் ஆனது. விழுந்த சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது.

பெரியம்மா மகள் என் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "தள்ளி வாட்டி, விழுந்துருவே, தள்ளி வா" என்று கத்தினாள். குருவிகள் கலைந்து பறந்தன. மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்றுதான் அந்தச் சட்டம் வந்தது. இனி எந்த இடத்துக்குப் போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் வாயைத் துண்டால் பொத்திக்கொள்ள வேண்டும். முள் குத்தினாலும் கையைத்தான் தூக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அன்றைக்கு முழுக்கச் சத்தமே போடாத பிள்ளைக்கு மாமாவின் பைனாகுலர் கிடைக்கும்.

அந்தப் பைனாகுலரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். கறுப்பு நிறம், தூக்கினால் கல் மாதிரி கனம். தோல் வாரில் மாமாவின் வியர்வை வாடையும் மூக்குப்பொடி வாடையும் அடிக்கும். பட்டாளத்திலிருந்த அவருடைய தம்பி கொடுத்ததாம். அந்தத் தம்பி பிறகு திரும்பி வரவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அதில் பார்த்தால் தூரத்து நாரையின் கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம்கூடத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அது எனக்குத்தான் கிடைத்தது. மற்ற பிள்ளைகள் முயன்று வாயை அடக்கினார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை.

பெரியம்மா மகளுக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை. போகப்போக அவளை எங்களோடு உட்கார வைப்பதையே மாமா விட்டுவிட்டார். "நீ சோத்துப் பைக்குக் காவல் இரு தாயி" என்று தூரத்தில் எங்காவது ஒரு மரத்தடியில் உட்கார்த்திவிடுவார்.

மாசி மாதம் அந்தக் கண்மாய்க்குப் போனோம். விளாத்திகுளம் பஸ்ஸில் போய் இறங்கிக் கொத்தமல்லிக் காட்டு வழியாக நடந்தோம். கொத்தமல்லி பிடுங்கிப் போட்டிருந்த நேரம். வழியெல்லாம் அந்த வாசனை. இன்றைக்கும் ரசத்துக்குக் கொத்தமல்லி வறுக்கும்போது சில நாள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

கரை ஏறியதும் மாமா கையை உயர்த்தினார். எல்லாரும் குனிந்தோம். நடுவில் கொஞ்சம் தண்ணீர் பளபளத்தது. அதைச் சுற்றிக் கூழைக்கடாக்கள், கரண்டிவாயன்கள், பெயர் தெரியாத வாத்துக்கள், கூட்டம் கூட்டமாக. தண்ணீர் வற்றிய இடமெல்லாம் மண் வெடித்து, ஓடு பரப்பினாற்போல் காய்ந்து கிடந்தது. ஓரத்தில் ஆடுகள் மேய்ந்தன. எங்கள் வீட்டு ஜமுக்காளத்தைக் கரைச்சரிவில் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பெரியம்மா மகளைச் சோற்றுப் பைகளோடு கரையின் கோடியில் ஒரு புளியமரத்தடியில் விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். காதுக்குள் பேசினார்.

"அந்தா ஒரு கருவேலமரம் தெரியுதுல்லா, புதருக்கு அங்கிட்டு? அதுவரைக்கும் பையப் போ. அங்கன இருந்து பாத்தா எல்லாம் கிட்டத்துல தெரியும். வேற யாரையும் விட மாட்டேன். நீன்னாத்தான் ஒரு குருவிகூடக் கலையாது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இறங்கி நடந்தேன்.

அந்த மரத்துக்குப் பக்கத்தில் முந்தின கோடையில் காடுகளுக்கு உரமாக அடிக்க வண்டல் மண் அள்ளியிருக்கிறார்கள். குழி குழியாகத் தோண்டிய இடம். மழை வந்து குழியெல்லாம் சேறு நிரம்பி, தண்ணீர் வற்றியதும் மேலே மட்டும் ஆடை பிடித்தாற்போல் காய்ந்துவிட்டது. இதெல்லாம் பிறகு பேசிக்கொண்டார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே தரைதான். ஆடு நின்ற தரையும் அதுதான், நான் கால் வைத்த தரையும் அதுதான்.

புதரைத் தாண்டியதும் என் வலது கால் உள்ளே போனது. அப்பளம் நொறுங்கினாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். முழங்கால் வரை உள்ளே. ஊன்றி எழும்பலாம் என்று இடது காலை அழுத்தினேன். அதுவும் போனது. மேலே வெயில் சுட்டது, கீழே கால் இரண்டும் கிணற்றுத் தண்ணீரில் விட்டாற்போல் குளிர்ந்தன. அழுகிய மீன் நாற்றம். ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. சேறு தொடைக்கு வந்தது. பாவாடை குடை மாதிரி மேலே விரிந்து, பிறகு அதுவும் நனைந்து உள்ளே போனது.

நான் கத்தவில்லை.

உங்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். கையைத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார் இல்லையா, தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். பைனாகுலரில் சேறு படக் கூடாது என்று அதையும் வாரோடு கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். என் முன்னால் புதர் மறைத்திருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு என் கை தெரியாது. அது எனக்குத் தெரியவில்லை. யாராவது பார்ப்பார்கள், வருவார்கள் என்று நின்றேன். வாய்க்குள் அழுகை வந்து முட்டியது. விழுங்கினேன்.

இடுப்பு இறங்கியபோது ஒரு உள்ளான் நடந்து என் பக்கத்தில் வந்தது. சின்னப் பறவை, நீட்டு மூக்கு. என்னை ஒரு கட்டை என்று நினைத்துக்கொண்டு என் விலாவுக்குப் பக்கத்திலேயே சேற்றைக் கொத்தி எதையோ இழுத்துத் தின்றது. அதன் கண்ணில் நான் இல்லை. நான் செத்துப்போனேனோ என்று அப்போதுதான் நினைத்தேன். இந்த வயது வரை அதைப்போல ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோதுகூட இல்லை.

அப்போது கேட்டது.

"ஏ மாமா! ஏ அண்ணாச்சி! பிள்ள முங்குதா! பிள்ள முங்குதா!"

பெரியம்மா மகள். அவள் உட்கார்ந்திருந்த கோடியிலிருந்து பார்த்தால் புதருக்குப் பின்பக்கம் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கண்மாய் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. ஆயிரம் ஈரச்சேலைகளைச் சேர்ந்தாற்போல் உதறின சத்தம். என்மேல் நிழல் ஓடியது.

"வாய மூடுட்டி! எல்லாத்தையும் கலைச்சிட்டியே, சவமே!" என்று மாமா கத்தியதும் எனக்குக் கேட்டது. அவர் பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டே, கையை நீட்டிக்கொண்டே சரிவில் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் என்னிடம் வந்திருப்பாள், அவளும் விழுந்திருப்பாள். கம்பவுண்டர் அண்ணாச்சிதான் பாய்ந்து அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டார். பிறகுதான் மாமா புதருக்கு இந்தப் பக்கம் வந்து என்னைக் கண்டார்.

அவர் முகம் அன்றைக்கு இருந்ததுபோல் எந்த மனிதர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

ஜமுக்காளத்தைக் கொண்டு வந்து சேற்றின்மேல் விரித்தார்கள். மாமா அதன்மேல் குப்புறப் படுத்து, பல்லியைப்போல ஊர்ந்து வந்தார். பின்னால் அண்ணாச்சி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். பெரிய பிள்ளைகள் அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்தார்கள். மாமா என் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார். நான் வரவில்லை. ஜமுக்காளம் அவரோடு சேர்ந்து அமிழ ஆரம்பித்தது. சேறு அவர் தாடையைத் தொட்டது. மூச்சு வாங்கியது.

"அதப் போடு தாயி. கையில இருக்குறதக் கீழ போடு. என் கழுத்தக் கட்டிக்கோ."

எனக்குக் கை விரியவில்லை. அவர்தான் என் விரல்களைப் பிரித்துப் பைனாகுலரைத் தூக்கி எறிந்தார். அது பக்கத்தில் விழுந்து, கொஞ்ச நேரம் வார் மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் இல்லை.

"சத்தம் போடு தாயி. கத்து. கத்திக்கிட்டே காலை உதறு. கத்து தாயி" என்று கெஞ்சினார். அழுதுகொண்டே கெஞ்சினார். எனக்குச் சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, அவ்வளவுதான். எனக்காகக் கரையில் நின்று பெரியம்மா மகள் கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் காலை உதறினேன். ஒரு கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு இன்னொன்று. பாவாடையும் செருப்பும் ஜமுக்காளமும் அங்கேயே போய்விட்டன.

அண்ணாச்சி தன் சட்டையைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டார். திரும்பப் பஸ் ஏறினோம். சேறு காயக் காய உடம்பை இறுக்கியது. யாரோ என்னைப் பிடித்து அமுக்குவதுபோலவே இருந்தது.

தெருமுனையிலேயே அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெரியம்மா மகளைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"எங்கட்டி கூட்டிட்டுப் போன எம்பிள்ளய? உன் வாயும் நீயும்! இவளாப் போற பிள்ளையா?"

நாள் முழுக்கப் பேசுகிறவள் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியவள் நான். என் தொண்டையில் இன்னும் சேறு இருந்தது.

"அக்கா, அடிக்காதீய" என்றார் மாமா. தெருவில் எல்லாரும் கேட்கத்தான் சொன்னார். "அவ கத்தலன்னா இவ இல்ல. பிள்ளைய அனுப்புனது நான்தான். சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அறைந்த கையைப் பார்த்தாள். என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு வெந்நீர் ஊற்றி என்னைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள் என்று பின்னால் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பேச்சு நின்றுபோனது. அப்பா வந்து பார்த்துவிட்டு, பேங்க் மாமாவைச் சும்மா விடமாட்டேன் என்று குதித்தார். கோயிலில் மந்திரித்தார்கள். அண்ணாச்சி டானிக் கொண்டுவந்தார். பெரியம்மா மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். நான் பதில் சொல்லாதது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருநாள் டீச்சர் புடவை பெஞ்சில் மாட்டிக் கிழிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். அப்படித்தான் திரும்பி வந்தது.

பேச்சு வந்தது, பயம் போகவில்லை. மண்ணில் கால் வைக்கமாட்டேன். சிமெண்டுத் தளம், கல், தார் ரோடு, இதில்தான் நடப்பேன். முற்றத்தில் இறங்க வேண்டுமானால் அழுவேன். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுவரோரமாகப் போவேன். இது போய்விடும் என்றார்கள். போகவில்லை.

ஒருநாள் காலையில் அம்மா தலையை முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பேங்க் மாமா வீட்டுக்குப் போனாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரோடு எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவர் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆள் இளைத்துப் போயிருந்தார்.

"இந்த ஞாயித்துக்கெழம எங்க போறீய?" என்று கேட்டாள் அம்மா.

"எங்கயும் இல்லக்கா. சங்கத்த விட்டுட்டேன்."

"விடக் கூடாது. இந்தப் பிள்ள மண்ணுல கால் வைக்காம இந்தக் கரிசக்காட்டுல எப்படிப் பிழைக்கும்? அந்தக் கம்மாய்க்கே போவோம். நானும் வாரேன்."

அம்மா சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர எங்கும் போனதில்லை. காட்டு வேலை தெரியாது. அவள் பிறந்தது டவுனில். கண்மாய் என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். இதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா என்றால் எல்லாம் தெரிந்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனி வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். முந்தின நாள் லேசாக ஒரு கோடைமழை தூவியிருந்தது. கரைமேல் மண் கறுத்து ஈரமாக இருந்தது. தண்ணீர் இன்னும் வற்றியிருந்தது. பறவைகள் பாதி போய்விட்டிருந்தன. பெரியம்மா மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"எந்த எடம்?" என்று கேட்டாள் அம்மா. காட்டினேன். மாடுகள் மிதித்த தடம்தான் தெரிந்தது. குழி இருந்த அடையாளமே இல்லை. அம்மா அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

"அக்கா, கரை கெட்டி. பயப்படாதீய. பிள்ளைய விடுங்க, நடக்கட்டும்" என்றார் மாமா, பின்னால் தள்ளி நின்று.

அம்மா விடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்து, நன்றாக ஊன்றி மிதித்துப் பார்த்தாள். தடம் பதிந்தது.

"கெட்டியா இருக்கு. வை" என்றாள்.

அந்தத் தடத்தில் நான் காலை வைத்தேன். குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியதும் உடம்பு உதறியது. அவள் அடுத்த காலை வைத்தாள். ஊன்றினாள். "கெட்டி. வை." நான் வைத்தேன். கரை முழுக்க அப்படியே போனோம். ஒவ்வொரு தடத்துக்கும் நின்று, மிதித்து, சொன்னாள். அவள் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் மிதித்துப் பார்க்க அவள் இருந்தாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.